எண்ணப் பதிவுத் தாளைச் சீராக்கித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மன உறுதிப் பயிற்சிக்கான எண்ணப் பதிவுத் தாளை, அதாவது மனதை வாட்டும் எண்ணத்தை எழுதிச் சான்றோடு சரிபார்க்கும் தாளை, இனி யார் வேண்டுமானாலும் துணையின்றி நிரப்பலாம். அதற்கு உழைத்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, கட்டம் கட்டமாகத் திருத்திக் கொடுத்த உளவியலாளர்களுக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் வகுத்த அறிவாற்றல் சிகிச்சையின் (எண்ணங்களைச் சோதித்துத் திருத்தி மனநிலையைச் சீராக்கும் முறை) வழியில் வந்த தாள் இது. பலரும் தடுமாறுவது எண்ணத்துக்கான கட்டத்தில்தான். "பயமாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். அது உணர்ச்சி, அடுத்த கட்டத்தில் 0 முதல் 100 வரை மதிப்பெண்ணோடு வர வேண்டியது. "மேலாளர் பதில் போடவில்லை, வேலை போய்விடும்" என்பதே எண்ணம். அதற்குத்தான் சான்று தேட முடியும்.

அந்த எண்ணத்துக்கு ஆதரவான சான்றையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றது மிகச் சரி. நேற்றைய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்பது உண்மைதானே. போன வாரமும் இரண்டு நாள் கழித்தே பதில் வந்தது என்பது எதிர்ச்சான்று. இரண்டையும் பார்த்தபின், "தாமதத்துக்குக் காரணம் தெரியாது, நாளை நேரில் கேட்கிறேன்" என்று எழுதினால் மனம் ஏற்கும். "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று எழுதினால் ஏற்காது. 80-ல் இருந்த பயம் 50-க்கு இறங்கினாலே பலன்தான் என்ற குறிப்பைச் சேர்த்ததற்குத் தனி நன்றி. பூஜ்யத்தை எதிர்பார்த்தே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

தூக்கப் பகுதியை எழுதிய மருத்துவர்களுக்கும் நன்றி. எழும் நேரத்தை விடுமுறையிலும் மாற்றாதிருப்பது, 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து கண் சொக்கும்போது திரும்புவது, கடிகாரத்தைப் பார்க்காதிருப்பது. கவலைகளை எழுத மாலையில் 15 நிமிடம் ஒதுக்கச் சொன்னதும் நல்ல யோசனை. படுக்கையில் எண்ணத்தோடு வாதாடினால் விழிப்புத்தான் கூடும்.

பயன்படுத்திப் பார்த்துக் குறை சொன்னவர்களே, "தினமும் நடப்பேன்" என்ற வரியை "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும் 10 நிமிடம் நடப்பேன்" என்று மாற்றியது நீங்கள்தான். எப்போது என்று தெரியாத தீர்மானம் நிற்பதில்லை. 2009-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை கணக்கிடப்பட்டது. ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. இதை முதல் பக்கத்திலேயே போடச் சொன்னதும் நீங்களே.

இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரிடமும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த நொடியே அவசர உதவிக்கும் போகச் சொல்லும் வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டவர்களுக்கும் நன்றி.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்