கான்கார்ட் எட்டிப் பார்க்கவில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஒலியை மிஞ்சிப் பறக்கப்போகும் புது விமானங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு தனியார் சோதனை விமானம் ஒலியை மிஞ்சியது என்பதெல்லாம் சரி. நடுவில் ஒரு வரி வருகிறது: "பழைய கான்கார்ட், அட்லாண்டிக்கைத் தாண்டி நம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை."

ஒலியை மிஞ்சிப் பறந்த அந்தப் பயணிகள் விமானம் எட்டிப் பார்த்தது ஐயா. 1977 டிசம்பரில் சிங்கப்பூரின் அன்றைய விமான நிலையமான பாய லேபாரில் வந்து இறங்கியே பார்த்தது. நான் அங்கே சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன். வயது 22. கட்டுரையாளர் அப்போது பிறந்திருக்க மாட்டார், அது அவர் குற்றமில்லை. பழைய இதழ்களைப் புரட்டக்கூட உங்கள் அலுவலகத்தில் ஆளில்லையா என்பதுதான் என் கேள்வி.

உங்களுக்குத் தெரியாததல்ல, 1976 ஜனவரி 21 அன்று லண்டனிலிருந்து கட்டணப் பயணிகளோடு கிளம்பிய முதல் கான்கார்ட் போனது அமெரிக்காவுக்கு அல்ல, பஹ்ரைனுக்கு. நியூயார்க் நகரம் சத்தத்துக்குப் பயந்து வழக்கு, மறியல் என்று இழுத்தடித்து, 1977 நவம்பரில்தான் உள்ளே விட்டது. அடுத்த மாதமே அது நம் ஊரில். இதைத்தான் எட்டிப் பார்க்காதது என்கிறீர்கள்.

விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். பயணிகள் ஏறுவது இடப்பக்கம் என்பதால் அவர்களுக்கு அது நம் விமானம். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் வெள்ளைக்காரன் விமானம். இறங்கும்போது ஓடுபாதை விமானிக்குத் தெரிய வேண்டும் என்று மூக்கைத் தாழ்த்திக்கொள்ளும். கொக்கு தண்ணீரைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். கிளம்பும்போது எழும் சத்தத்தையும், ஒலியை மிஞ்சும்போது கேட்கும் வெடியோசையையும் உங்கள் கட்டுரை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது. முதலாவது எங்கள் கம்பத்து (கிராமத்து) வீட்டுக் கூரையை ஆட்டியது. இரண்டாவதை நான் கேட்டதே இல்லை. அது நடுக்கடலில் நடக்கிற விஷயம்.

அந்த வெடியோசையைக் காரணம் காட்டித்தான் மலேசியா மலாக்கா நீரிணை மேல் அந்த வேகத்தில் பறக்கக் கூடாது என்றது. மூன்றே முறை வந்து போனதும் சேவை நின்றது. 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி 1980 நவம்பரோடு முடிந்தது. இந்தியாவும் தன் நிலத்தின் மேல் அந்த வேகத்துக்கு அனுமதி தரவில்லை, கடலைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கூட்டமும் சேரவில்லை. அது பணக்காரர் பொம்மை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் மறுக்கவில்லை. 100 பேர் உட்காரும் விமானத்துக்கு நாங்கள் ஏற்றிய பெட்டிகளைப் பார்த்தாலே தெரியும். "அப்படி என்னடா அவசரம் அவங்களுக்கு?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரே கட்டுரையில் கான்கார்ட், கன்கார்டு, கொன்கோர்ட் என்று மூன்று விதமாக அச்சிட்டிருப்பதைப் பற்றி எழுதப்போவதில்லை. அதைப் பற்றி நான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பத்து வருடத்துக்கு முன் "பழைய விமான நிலையம்" சிறப்பிதழுக்குப் படம் கேட்டு அறிவிப்புப் போட்டீர்கள். என்னிடம் இருந்த ஒரே படத்தை அனுப்பினேன். உடன் வேலை பார்த்த சீன நண்பர் எடுத்தது, அனுமதி வாங்கினாரா என்று இப்போது கேட்காதீர்கள். தள்ளுவண்டியோடு நான், பின்னால் அந்த மூக்கு. நீங்கள் என்ன செய்தீர்கள்? இடம் போதவில்லை என்று விமானத்தை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டீர்கள். கீழே, "1977: சாங்கி விமான நிலையத்தில் ஓர் ஊழியர்." சாங்கி திறந்தது 1981இல் ஐயா! நான்கு வருடம் முன்னதாகவே போய்க் காத்திருந்தேன் போலிருக்கிறது.

ஆக, கான்கார்ட் வந்ததற்கான சாட்சி உங்கள் மேசையிலேயே இருந்தது. கத்தரித்து எறிந்துவிட்டு, வரவே இல்லை என்று எழுதுகிறீர்கள்.

மகள் நியூயார்க்கில் இருக்கிறாள். போனபோது இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே நிற்பது அதே விமானம்தான், பதிவு எண் ஜி-போட் (G-BOAD). 1996இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் பறந்து சாதனை செய்ததும் இதுவே. இப்போது இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் வண்ணம். தாத்தா இதற்குச் சாமான் ஏற்றினேன், இந்தப் பக்கம் சிங்கப்பூர் என்று எழுதியிருந்தது என்றேன். பேரன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிரிட்டிஷ்னுதானே தாத்தா போட்டிருக்கு" என்றான். படம் எங்கே என்று கேட்டான்.

திருத்தம் வெளியிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். படத்தை மட்டும் தேடித் திருப்பி அனுப்புங்கள். பின்பக்கம் பென்சிலால் தேதி எழுதியிருக்கும். வெட்டிய துண்டு கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், நானே ஒட்டிக்கொள்கிறேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஹவ்காங் வாசகர்