கங்காவின் தலையில் யார் நீரூற்றினார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜெயகாந்தன் குறித்த கட்டுரையில், 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலின் கங்கா 'தாயின் கையால் நீரூற்றப்பட்டுத் தூய்மையடைந்தும் பின்னர் மதுவால் வீழ்ந்தவள்' என்று ஒரு வரி இருந்தது. காரில் வந்த அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் நீரூற்றும் தாய், 1966-இல் ஆனந்த விகடனில் வெளியான 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் வருபவள் என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். அதே சம்பவம் வேறு விதமாகத் திரும்பும் நாவலில் தாயோ கதறிவிடுகிறாள். அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அந்த ஒரு குடம் நீர் கிடைக்காமல் போனதிலிருந்துதான் நாவலே பிறக்கிறது.

இந்தத் தவறு எனக்குப் புதிதன்று. நான் பள்ளியில் படித்த காலத்திலேயே கங்கா 'கெட்டுப்போனவள்' என்றுதான் சொல்லித்தந்தார்கள், நானும் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் தொலைநிலைக் கல்வியில் முதுகலைத் தமிழ் சேர்ந்து, ஞாயிறு வகுப்புக்குச் சென்ற பிறகே அந்த நம்பிக்கை கலைந்தது. கங்கை என்ற பெயர் தூய்மையின் குறியீடு என்று நான் சொன்னபோது, என் மகள் வயதுடைய வகுப்புத் தோழி ஒருத்தி, "ஆற்றை யார்மா குளிப்பாட்டுவார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. சிறுகதையின் தாய், தான் ஊற்றிய நீரை நெருப்பு என்கிறாள். அது எவ்வளவு கருணையானாலும், மகளிடம் கழுவ ஏதோ இருப்பதாக ஒப்புக்கொண்டுதானே ஊற்றுகிறாள் என்று அந்தப் பெண் வாதிட்டாள். இன்னொரு தோழர் காரைப் பற்றிப் பேசினார். பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற மாணவி அறியாமல் ஏறிய, அவளைக் கெடுத்த பிரபுவின் காரில், பல ஆண்டுகள் கழித்து, வேலை பார்க்கும் கங்கா தன் விருப்பத்தோடு ஏறி அமர்கிறாள். நான் அதைத் தோல்வி என்றே எண்ணியிருந்தேன். கெட்டுப்போனவள் என்று சொல்லியே அவளை நெருங்கப் பார்க்கும், அவளுக்கு அடைக்கலம் தந்த தாய்மாமன் வெங்கு மாமாவின் வீட்டு நிழலைவிட அந்தக் கார் அவளுக்குப் பாதுகாப்பாக இருந்தது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இதையெல்லாம் தேர்வில் எழுதினேன். மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. சென்ற ஆண்டு இதைக் குறித்துத் தங்களுக்கு எழுதிய கடிதத்தில், மாமாவைப் பற்றிய பத்தி மட்டும் நீக்கப்பட்டு அச்சானது. இடப்பற்றாக்குறை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். சென்ற இதழ்க் கட்டுரைக்கு வரைந்த படத்தில் கங்கா தலைகுனிந்து மழையில் நிற்பதைக் கண்டபோது அந்தத் தேறுதலும் போயிற்று. அலுவலகம் சென்று, சம்பளம் வாங்கி, தன் வாழ்க்கையைத் தானே நடத்திய பெண்ணை இன்னும் எத்தனை காலம் அந்தப் பேருந்து நிறுத்தத்திலேயே நிறுத்திவைப்பது?

அடுத்த இதழில், நீரூற்றும் காட்சி சிறுகதைக்குரியது, நாவலுக்குரியதன்று என்று ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நீண்டநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி