'ஸீரோ டிகிரி'யைப் பென்சிலோடு படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நூலறிமுகப் பக்கத்தில் சாரு நிவேதிதாவின் 'ஸீரோ டிகிரி' பற்றி வந்த குறிப்பு, "வயது வந்தோருக்கு மட்டும்" என்ற எச்சரிக்கையோடு முடிந்துவிட்டது. எச்சரிக்கை தேவைதான். ஆனால் மொரீசியசில் தமிழ் நாவல் படிப்பவர்களே கொஞ்சம் பேர். அவர்களிலும் இந்த நாவலைக் கையில் எடுப்பவர் மிகச் சிலர். அவர்களுக்கு அதை எப்படிப் படிப்பது என்றும் சொல்ல வேண்டாமா?

நாவல் 1998இல் வந்தது. அதே ஆண்டில்தான் நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதை எதிர்த்து இங்கே குரல் எழும்பியது, பின்னர் அந்த நோட்டுகளும் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பரபரப்பில் இப்படி ஒரு நூல் வந்த செய்தி நம்மில் பலருக்கு எட்டவே இல்லை. இன்றும் இது தொலைபேசிக் காமப் பேச்சும் சித்திரவதையும் நிறைந்த நூல் என்ற பெயரோடு மட்டுமே அறியப்படுகிறது. இரண்டும் இருக்கின்றன. கூடவே காதல் கவிதை, புராணம், எண் சோதிடம், லத்தீன் அமெரிக்க எழுத்தாளர் பெயர்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. கதையின் தொடர்ச்சியைத் தேடுபவர் சீக்கிரமே அலுத்து மூடிவிடுவார். முதலில் தேட வேண்டியது, நாவல் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதியை.

விதி இதுதான். எண்ணைச் சொல்லால் எழுதினாலும் இலக்கத்தால் எழுதினாலும், இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 9 வர வேண்டும். 27 வரலாம், 36 வரலாம், 108 வரலாம், 25 வரக்கூடாது. வெளியான ஆண்டையே கூட்டிப் பாருங்கள், 1998 முதலில் 27 ஆகி, பிறகு 9 ஆகும். 9ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று பார்ப்பது இன்னும் எளிது. இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பென்சிலால் எண்களை வட்டமிட்டுக்கொண்டே போனால் அவை எவை என்று தானே தெரியும்.

இந்த விதியால் 'ஒன்று' வெளியேறுகிறது, கூடவே 'ஒரு'வும் போகிறது. அதன் சுமை எழுதிப் பார்த்தால்தான் புரியும். ஒருவன், ஒருத்தி, ஒருநாள், ஒவ்வொரு, ஒரே எல்லாவற்றையும் கைவிட வேண்டும். 'ஒரு பெண் வந்தாள்' என்பதற்குப் 'பெண் வந்தாள்' என்றோ 'யாரோ வந்தாள்' என்றோதான் எழுத முடியும். வாசகருக்கு அவளை அறிமுகப்படுத்தும் சொல்லே இல்லை. ஏற்கெனவே தெரிந்தவள் போலவும் தெரியவே முடியாதவள் போலவும் அவள் வந்து நிற்கிறாள். நாவல் முழுவதும் பரவியிருக்கும் அந்நியத்தன்மைக்கு இது முக்கியமான காரணம் என்பது எங்கள் கருத்து.

பிரெஞ்சில் 'ஒரு' என்பதற்கு ஈடான 'அன்', 'யூன்' இல்லாமல் பேசுவது அரிது. அதே பழக்கத்தில் நம் மாணவர்கள் தமிழிலும் தேவையில்லாத இடமெல்லாம் 'ஒரு' போடுகிறார்கள். நாவலை வகுப்பில் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் 'ஒரு' இல்லாமல் நூறு சொல் எழுதச் சொல்லும் பயிற்சியைத் தமிழாசிரியர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். பிரெஞ்சு நன்றாகப் படித்தவர்களுக்கு இந்த வகை எழுத்து புதிதல்ல. ஜார்ஜ் பெரெக் 1969இல் 'லா டிஸ்பாரிஸியோன்' நாவலில் பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்தையே முழுவதும் விலக்கினார். அதை வியந்து படிப்பவர் தமிழில் அதே துணிவைக் கண்டு முகம் சுளிப்பது நியாயமல்ல.

அடுத்த தடை, நிறுத்தக்குறியே இல்லாத பகுதிகள். இவற்றைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. வினைமுற்று வந்த இடத்தில் வாக்கியம் முடிந்தது என்று படித்தவர்கள் நாம். தேவாரம் ஓதிப் பழகியவர்களுக்கு மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்பது எளிதில் பிடிபடும். வினைமுற்று வந்ததும் சிறு கோடு போடுங்கள், ஆனால் அவசரப்பட்டுப் போடாதீர்கள். 'சொன்னது' முற்றாகவும் வரும், 'அவள் சொன்னது நினைவில்லை' என்பதுபோலப் பெயராகவும் வரும். 'ஓடும்' என்பது வாக்கியத்தை முடிக்கவும் செய்யும், 'ஓடும் ரயில்' என்று அடுத்த சொல்லைப் பற்றிக்கொள்ளவும் செய்யும். அடுத்த இரண்டு சொற்களைப் பார்த்த பிறகு கோடு போட்டால் பெரும்பாலும் தவறாது. சில இடங்களில் இரண்டு விதமாகவும் பிரிக்கலாம். அங்கே கோடு வேண்டாம், இரண்டு பொருளும் நிற்கட்டும்.

இதனால்தான் கணினியால் எழுத்துணர்ந்து மாற்றிய கோப்புகளில் இந்த நாவலைப் படிக்கவே கூடாது. அவற்றில் புள்ளி உதிரும், வரி உடையும், 9 சில சமயம் 0 ஆகும். மற்ற நூலில் அது அச்சுப்பிழை என்று உடனே தெரிந்துவிடும். இங்கே ஆசிரியர் விட்டதா கணினி விட்டதா என்று சொல்ல வழியில்லை. அச்சுப் பிரதியையே வரவழையுங்கள். ப்ரீதம் சக்கரவர்த்தியும் ராகேஷ் கன்னாவும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் வெளியிட்டது. சிக்கிய இடத்தில் அதைப் பாருங்கள், ஆனால் தமிழில் படித்த பிறகு.

குழுவாகப் படிப்பவர்கள் சித்திரவதைப் பக்கங்களை உரக்கப் படிக்க வேண்டாம். வன்முறையை அனுபவித்தவர் கூட்டத்தில் இருக்கலாம், அவர் அதை வெளியே சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பக்கங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுத்து, தனியே படிக்கவோ விட்டுவிடவோ உரிமை கொடுங்கள். பெண்ணுடல் வெறும் பொருளாகும் இடங்களில் கோபம் வந்தால் அதை ஓரத்தில் எழுதுங்கள், விவாதத்தில் அதற்கும் இடம் வேண்டும். லத்தீன் அமெரிக்கப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், வேகமாகக் கடந்து போனாலே அந்தப் பகுதி வேலை செய்கிறது. கதைசொல்லி சொல்வதையெல்லாம் ஆசிரியரின் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு வாதிடுவது குழுவின் நேரத்தைத்தான் தின்னும்.

அடுத்த முறை இப்படிப்பட்ட நாவலுக்குக் குறிப்பு எழுதும்போது, விதி என்ன, விலக்கு என்ன, எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று நான்கு வரி எழுதி, எச்சரிக்கையை அதன் கீழே போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ரோஸ்ஹில், மொரீசியஸ்