குளத்தங்கரையிலிருந்து ஒரு பதில்

தேரூர்,
தை 8

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். குளத்துக்குக் கீழே உள்ள உன் அம்மாவின் வயலை மனை போடுகிறவருக்கு விற்கலாமா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு ஒரே வரியில் பதில் வரவில்லை. சரி, குளத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். தினமும் அப்படியே போய்விட்டது.

முதலில் வீட்டுச் செய்தி. முட்டுவலி இப்போது பரவாயில்லை, கரை ஏறி இறங்க முடிகிறது. மருமகளுக்கு மாசியில் பிரசவம். மார்கழித் தேரோட்டத்துக்குச் சுசீந்திரம் போயிருந்தபோது கூட்டத்தில் நம் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியும் குரல் அப்படியே இருக்கிறது. உன்னைத்தான் முதலில் விசாரித்தார். அவ்வளவுதான்.

இனி குளம். இந்த வருஷம் தண்ணீர் நன்றாக நிற்கிறது. காலை ஆறரைக்குக் கரையில் ஏறினால் வடக்கே தாடகை மலை மல்லாந்து படுத்த பெண்பிள்ளை மாதிரி மங்கலாகத் தெரியும். தென்கிழக்கே மருந்துவாழ் மலைப் பக்கம் வெளுக்கத் தொடங்குவதற்கு முன்பே தாமரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழிகள் சண்டை போடும் சத்தம் வந்துவிடும். ராத்திரி முழுக்க வயலில் மேய்ந்த சிறகிகள் கூட்டங்கூட்டமாகத் திரும்பித் தண்ணீரில் இறங்கும். பொழுது ஏறியதும் கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஆழமில்லாத பக்கமாக ஒதுக்கிக்கொண்டு வரும். எட்டு மணிக்கெல்லாம் அவற்றின் சாப்பாடு முடிந்து, மிச்ச நேரமெல்லாம் இறகு கோதிக்கொண்டிருக்கும்.

பொங்கல் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேரைக் கரைக்கு அழைத்துப் போனேன். 2015இலிருந்து தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறதே, அதற்காக. பெரிய வேலை ஒன்றுமில்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகள் 23 வகை எழுதினார்கள். முக்குளிப்பான், பாம்புத்தாரா, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன் என்று ஒரு நோட்டுப் பக்கம் நிறைந்துவிட்டது. இலைக்கோழியைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், இது தண்ணி மேல நடக்குது" என்று கத்திவிட்டாள். உன் அம்மா தாமரைக்கோழி என்று காட்டித் தந்த அதே பறவைதான். விரல் அவ்வளவு நீளம். அதனால்தான் தாமரை இலை அமிழ்வதில்லை. இப்போது நீள வால் கிடையாது, கூடு கட்டும் காலத்தில்தான் அது வளரும். முட்டை இட்டதோடு பெட்டை கிளம்பிவிடும் என்றும், அடைகாப்பதும் குஞ்சைப் பார்ப்பதும் ஆண்தான் என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அதைத் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்; அவர் மறுநாள் கடையில் என்னிடம் கேட்டார்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது மடையடியில் பார்த்ததை. போன புதன்கிழமை. மடைக்குப் பக்கத்துச் சேற்றில் ஒரு நத்தைகுத்தி நாரை நின்றது, என்னிடமிருந்து பத்தடி இருக்கும். அதன் அலகு முழுக்க மூடாது, நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும், பாக்குவெட்டியைப் பாதி மூடிய மாதிரி. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். தலையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு நத்தையை எடுத்தது. ஓட்டை உடைக்கவில்லை. நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை நத்தையின் வாயை அடைத்திருக்கும் மூடிக்கு அடியில் செருகியது. ஒரு ஆட்டு, ஒரு திருகு. உள்ளே சதை ஒட்டியிருக்கிற இடம் அறுந்ததும் முழு உடம்பும் உருவி வந்தது. விழுங்கிவிட்டு இரண்டடி நகர்ந்தது. அது போனபின் இறங்கி அந்த ஓட்டை எடுத்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

நாம் பாவாடை மடியில் பொறுக்கிச் சேர்த்த நத்தை ஓடுகள் ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் செத்துப்போன நத்தைகள் என்று நீ சொல்வாய், நானும் நம்பினேன். அதில் பாதியாவது இந்தப் பறவை தின்றுவிட்டுப் போட்டதாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கூடு கட்டக் கூந்தன்குளம் மாதிரி இடங்களுக்குப் போகிற பறவை. இரை தேடி நம் கரைக்கு வருகிறது.

மத்தியானம் அதே நாரைகள் குளத்தில் இல்லை. எங்கே இருந்தன தெரியுமா? கரைக்குக் கீழே, வயற்பத்தில். உன் அம்மாவின் 40 சென்ட்டிலும் அதை ஒட்டிய வரப்பிலும் மட்டும் 11 நின்றன. மடை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது; தண்ணீரோடு நத்தையும் மீன் குஞ்சும் இறங்குகின்றன; அவற்றின் பின்னாலேயே நாரையும் இறங்குகிறது. எனக்கு அப்போதுதான் உன் கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது.

நம்மூரில் இதை யாரும் ஏரி என்று சொல்வதில்லை, குளம்தான். தானாக அமைந்த நீர்நிலை கிடையாது. நெல்லுக்காக மனிதர்கள் கரை கட்டித் தேக்கியது. இந்தப் பக்கத்துக் குளங்களின் பெயர்கள் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளில் இருக்கின்றன, பசுங்குளம், பெருங்குளம் என்று. கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்த கவிமணி 1876இல் பிறந்த ஊர் இது, செப்பேட்டைப் பற்றி நான் ஒரு வரியாவது எழுதாமல் விட்டால் ஊர் மன்னிக்காது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒரு குளம் தூர்ந்து போகாமல் இருக்கிறது என்றால், ஆயிரம் வருஷமாக யாரோ கோடையில் வண்டல் அள்ளி வயலுக்குச் சுமந்திருக்கிறார்கள், கரைக்கு மண் போட்டிருக்கிறார்கள், வரத்துக்காலை வெட்டி விட்டிருக்கிறார்கள். கொக்குக்காக யாரும் செய்யவில்லை. நெல்லுக்காகச் செய்தார்கள், கொக்கு வந்து சேர்ந்துகொண்டது.

இன்றைக்கும் அதே கதைதான். 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்த பிறகு கோதையாற்றுத் தண்ணீரும் கால்வாய் வழியாக நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்கு வருகிறது. ஜூனில் அணை திறப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் இரண்டு பூ, இரண்டு போகம். கன்னி மாதம், அதாவது புரட்டாசியில் ஒரு அறுப்பு; கும்ப மாதம், அதாவது மாசியில் ஒரு அறுப்பு. வயல் தண்ணீர் கேட்கிற வரைக்கும்தான் கால்வாயில் தூர் வாரச் சொல்லி மனு போடுவார்கள், சண்டை போட்டாவது மடை திறக்க வைப்பார்கள். வயல் மனையாகிவிட்டால் தண்ணீர் கேட்க ஆள் இல்லை. அதற்கு மேல், வீடு கட்டியவர்களுக்குக் குளம் நிறைந்தாலே பயம்.

நாம் நீச்சல் படித்த அந்தச் சின்னக் குளத்தில் நடந்தது அதுதான். முதலில் தென்னை வைத்தார்கள், பிறகு வாழை, பிறகு கல் நட்டு மனை போட்டார்கள். மறுகால் ஓடைக்குக் குறுக்கே யாரோ மதில் கட்டினார்கள். 2021 நவம்பர் மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் ஏறியது. ராத்திரி கரையை வெட்டிவிட்டார்கள். இப்போது அங்கே முழங்கால் தண்ணீர், மேலே ஒரே ஆகாயத்தாமரை. கோழிக்கடைக் கழிவைச் சாக்கில் கட்டி அதற்குள் எறிகிறார்கள். நான் மூன்று தடவை மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். பறவை என்றால் காகமும் பருந்தும்தான். நாம் குதித்த படித்துறைக் கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

2022இல் சுசீந்திரம் - தேரூர் குளங்களை உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தது உனக்குத் தெரியும், நீயே பேப்பரைப் பார்த்துவிட்டு போன் பண்ணினாய். 94.23 ஹெக்டேர். மேற்கே வேம்பனூரையும் அந்த வருஷமே சேர்த்தார்கள். ஈரானில் காஸ்பியன் கடற்கரை ஊரில் 1971இல் போட்ட ஒப்பந்தத்தில் நம் தாமரைக் குளத்தின் பெயர் இருக்கிறது என்று எனக்கு இன்னும் பெருமைதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறினதால் கீழே இருக்கிற பத்தில் யாரும் நாற்று நட வரப்போவதில்லை. வயல் போன பிறகு குளத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாரைக்கு என்ன போடுவது?

உன் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிற பாட்டக்காரரிடமும் பேசினேன். அவர் பக்கத்தைச் சொல்லாமல் நான் பேசினால் அது நியாயமாகாது. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, அறுப்பு இயந்திரம் வருகிற அன்றைக்கு மழை வந்தால் எல்லாம் போச்சு, தாழைக்கோழி கரையோரப் பயிரை மிதித்துச் சாய்க்கிறது என்று வரிசையாகச் சொன்னார். தாழைக்கோழி விஷயம் உண்மை, நானே பார்த்தேன், இரண்டு பாத்தி அளவுக்குப் படுத்துக் கிடக்கிறது. தாமரைக் குத்தகை எடுத்தவர்களுக்கும் இதே மனக்குறை. சில நாள் வெடி போட்டு விரட்டுகிறார்கள், அந்தச் சத்தத்தில் குளமே ஒரு நொடியில் காலியாகிவிடுகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் தோவாளைச் சந்தைக்குப் பூ போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்கும் அடுப்பு எரியும். விவசாயிக்கு ஆகிற நட்டத்தை அரசு ஈடு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம். பாட்டக்காரர் கடைசியில் ஒன்று சொன்னார்: "நாரை இறங்குன வயலுல நத்தை தொல்லை கிடையாது டீச்சர், அது கூலி வாங்காத ஆளு." அவருக்கு இன்னும் பயிர் செய்ய மனம் இருக்கிறது, மக்கா. திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்து ரகம்தான் போட்டிருக்கிறார். கதிர் பால் பிடித்து நிற்கிறது.

அதனால் என் பதில்: விற்காதே. மனை போடுகிறவர் சொன்ன விலை பெரிய விலைதான், மறுக்கவில்லை. உன் பையன் படிப்புக் கடன் எனக்குத் தெரியாததா? தூரத்தில் இருந்துகொண்டு 40 சென்ட்டைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். ஆனால் உன் துண்டு மடைக்கு நேர் கீழே இருக்கிறது. உன் வயலைத் தாண்டித்தான் மற்ற வயல்களுக்குத் தண்ணீர் போக வேண்டும். அங்கே மண் கொட்டி நிரப்பினால் அதற்குக் கீழே இருக்கிற ஏழெட்டுப் பேரும் இரண்டு வருஷத்தில் விற்றுவிடுவார்கள். உன்னிடம் கேட்டவர் அதைத் தெரிந்துதான் உன்னிடம் முதலில் வந்திருக்கிறார்.

விற்றே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் என்னிடம் முதலில் சொல். என் ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் வங்கியில் கிடக்கிறது. அவர் சொன்ன விலை என்னால் தர முடியாது, ஆனால் நெல் வயலுக்கு உள்ள விலை தருவேன், இரண்டு தவணையாக. பாட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டிலும் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

எதற்கும் முடிவெடுக்குமுன் ஒரு தடவை வந்து பார். மாசி முதல் வாரம் அறுப்பு. பங்குனி வந்துவிட்டால் சிறகிகள் வடக்கே கிளம்பிவிடும், அதற்குள் வா. முன் அறையைக் காலி செய்து வைக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுப்புவேன், முட்டுவலி என்று சாக்குச் சொல்லக் கூடாது, அது எனக்கும் இருக்கிறது.

உப்பேரி டப்பா ஒன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் பஞ்சில் சுற்றி அந்த நத்தை ஓட்டை வைத்திருக்கிறேன். கீறல் விழாமல் வந்து சேர்ந்ததா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய படித்துறைத் தோழி