டெபியனின் ‘டெஸ்டிங்’ அவ்வளவு மோசமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

லினக்ஸ் இயங்குதளம் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் ‘டெஸ்டிங்’ (சோதனை) பதிப்பைத் தொடவே கூடாது என்று ஒரே வரியில் ஒதுக்கியது சரியில்லை. அது எப்படி உருவாகிறது என்று சொன்னால்தானே வாசகர் முடிவெடுக்க முடியும்?

புதிய மென்பொருள் பொதுவாக முதலில் ‘அன்ஸ்டேபிள்’ (நிலையற்ற) கிளைக்கு வரும்; மற்றப் பதிப்புகளின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும், ‘சிட்’ என்ற இதன் பெயர் மட்டும் மாறவே மாறாது. அங்கே வழக்கமாக 2 முதல் 10 நாள் கிடந்து, பெரிய பிழை எதுவும் புதிதாக முளைக்காமல், அது சார்ந்திருக்கும் மற்ற மென்பொருள்களும் தயாராக இருந்தால்தான் டெஸ்டிங்குக்கு நகரும். அப்புறம் சுமார் 2 ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கைப் படிப்படியாக உறைய வைப்பார்கள். ‘ஃப்ரீஸ்’ என்கிறார்களே, அதுதான். உறைவு இறுக இறுக புதுசு எதுவும் நுழைய முடியாது, பிழைத் திருத்தம் மட்டும்தான். அது முடிந்து வெளிவருவதே ‘ஸ்டேபிள்’ என்ற நிலையான பதிப்பு: 2023 ஜூனில் ‘புக்வார்ம்’, 2025 ஆகஸ்டில் ‘ட்ரிக்ஸி’ என்ற பெயர்களில் வந்தன.

டெஸ்டிங்குக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் சற்றுத் தாமதமாக வரலாம் என்பது உண்மை, அதை எழுதியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக் கணினியில் டெஸ்டிங்தான் ஓடுகிறது. அப்பாவின் கடையில் பில் போடும் கணினியில் மட்டும் ஸ்டேபிள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்