ஹயாஷியின் முத்திரை

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு போனில், "நான் என்னப்பா, அடுத்தவங்க வரைஞ்ச படத்தை வித்துக் கொடுக்கிற ஆள்தானே" என்றாய். அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவனுக்கு அது மனசில் தைத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இருக்கும் பாரிஸுக்கே 1878இல் ஹயாஷி தடமாசா என்ற ஜப்பானிய இளைஞர் வந்தார். உலகக் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர், அது முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. கலைப்பொருள் வியாபாரத்தில் இறங்கினார். பிரெஞ்சு எழுத்தாளர் கோன்கூருக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஜப்பானிய ஓவியர்களான உடமாரோ பற்றியும் ஹொகுசாய் பற்றியும் அவர் புத்தகம் எழுதினார். மூல நூல்களைப் படித்து மொழிபெயர்த்துக் கொடுத்தது ஹயாஷிதான். யாருடைய படம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பொறுமையாகச் சொல்ல ஒருவர் இருந்ததால்தானே பாரிஸ்காரர்களுக்கு அது புரிந்தது? நான் வகுப்பில் செய்த வேலையும் அதுதான் அம்மா.

1886இல் ஒரு பாரிஸ் பத்திரிகை ஜப்பான் சிறப்பிதழ் போட்டது. கட்டுரை ஹயாஷி எழுதியது. அட்டையில் ஜப்பானிய ஓவியர் எய்சென் வரைந்த கிமோனோப் பெண். அந்த அட்டையை வைத்துத்தான் டச்சு ஓவியர் வான்கோ மறுவருஷம் அந்தப் பெண்ணையே வரைந்தார்.

சீக்ஃப்ரீட் பிங் என்ற இன்னொரு வியாபாரியும் இருந்தார், ஹாம்பர்க்கில் பிறந்தவர். அவர் கடைப் பரணில் அடுக்கிக் கிடந்த, மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த ஜப்பானிய அச்சுப்படங்களைக் கிளறிக் கிளறி வான்கோ வாங்கியது சுமார் 660. எல்லாம் சல்லிசான விலை. 1888 முதல் மூன்று வருஷம் ஜப்பானியக் கலைக்கென்றே மூன்று மொழிகளில் ஒரு மாத இதழும் நடத்தினார் பிங். 1890இல் அவர் ஏற்பாடு செய்த பெரிய ஜப்பானிய அச்சுப்படக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்துதான் மேரி கசாட் என்ற அமெரிக்க ஓவியர் பத்து வண்ண அச்சுப்படங்களைச் செய்தார். தாய் குழந்தையைக் குளிப்பாட்டும் படம் நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததே, அதுவும் அந்தப் பத்தில் ஒன்று.

ஒன்றை மறைக்கக் கூடாது. நாட்டின் செல்வத்தை வெளியே விற்றவர் என்று ஹயாஷியை ஜப்பானில் ஏசினார்கள். அவர் வழியாக வந்த அச்சுப்படங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவரும் பிரெஞ்சு ஓவியங்களை வாங்கிச் சேர்த்து ஊருக்குக் கொண்டுபோனார், அங்கே ஒரு அருங்காட்சியகம் தொடங்க வேண்டும் என்று. அது நடக்கும் முன்பே 1906இல் போய்ச் சேர்ந்தார். அந்த ஓவியங்களும் 1913இல் நியூயார்க்கில் ஏலம் போயின. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

தன் கை வழியே போன நல்ல அச்சுப்படங்களில் அவர் தன் பெயருள்ள சின்ன முத்திரை ஒன்றைக் குத்தி வைத்தார். ஹயாஷி பார்த்துத் தேர்ந்தது என்றால் தரமான பிரதி என்று இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அதைத் தேடுகிறார்கள். படத்தை வரைந்தவர் அவர் இல்லையே!

சரி, ஒரு வேலை சொல்கிறேன். ஹயாஷியின் கடை விக்டுவார் தெருவில் 65ஆம் எண்ணில் இருந்தது. பிங்கின் கடை ப்ரோவான்ஸ் தெருவில் 22ஆம் எண்ணில் இருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான், நடந்தே போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. குளிர் இருக்கும், அம்மா பின்னிய மஃப்ளரைப் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா