போல்ட்டுக்கு, தாமதமாக

அன்புள்ள போல்ட்டு,

"உயிரோடு இருக்கிறாயா?" என்று நீ அனுப்பிய ஒற்றை வரிக்கு ஏழு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். இருக்கிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள், இப்போது படி. நீ நலமா, உன் வீட்டார் நலமா, உன் ஆய்வு மாணவன் முடித்தானா இல்லையா, எல்லாவற்றையும் கேட்டதாக எடுத்துக்கொள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். இடது பக்கம் பாதி மீண்டுவிட்டது, பேச்சு முழுவதும் மீண்டுவிட்டது. இரண்டாவது எங்கள் எல்லாருடைய துரதிர்ஷ்டம் என்று அவளே சொல்கிறாள். நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி இல்லை, என் இடுப்பைப் பற்றி. போன மாதம் ஒரு காலை அம்மாவை நாற்காலியிலிருந்து தூக்கும்போது இடுப்பில் ஏதோ சுளீர் என்றது. ஆறு நாள் நான் படுக்கையில், அம்மா நாற்காலியில், இரண்டு பேரையும் பார்க்க ஆள் வைக்க வேண்டியதாயிற்று. தம்பி தொலைபேசியில் ஆலோசனை வழங்கினான். அவன் ஆலோசனை வழங்காத நாள் எது?

ஏழாம் நாள் அம்மாவுக்கு இயன்முறை சிகிச்சை தருகிற பெண் வந்தாள். சின்னப் பெண், நம் மாணவிகள் வயசு. "எப்படித் தூக்குவீங்க, செஞ்சு காட்டுங்க" என்றாள். காட்டினேன். அம்மா நாற்காலியில் சாய்ந்து, கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் நின்று குனிந்து, இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இழுக்கப் போனேன். அந்தப் பெண் தடுத்துவிட்டு, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டாள். இயந்திரப் பொறியியல் பாடம் நடத்துகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்புறம் அவள் செய்தது இவ்வளவுதான். அம்மாவின் இடுப்பை நாற்காலி விளிம்புவரை நகர்த்தச் சொன்னாள். பாதங்களைப் பின்னால் இழுத்து முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளே வைத்தாள். "முன்னால குனிங்கம்மா, மூக்கு கால்விரலைத் தாண்டற மாதிரி" என்றாள். அம்மா குனிந்தாள். பின்பக்கம் தானாக இருக்கையை விட்டுக் கிளம்பியது. அந்தப் பெண் இடுப்புப் பட்டையை இரண்டு விரலால் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். அம்மா எழுந்து நின்று, எட்டு மாதமாக அவளை மூட்டை மாதிரி தூக்கிய மகளை ஒரு பார்வை பார்த்தாள் பார், போல்ட்டு, கல்லூரியில் நம் வாத்தியார் என்னைப் பார்த்த பார்வைகூட அதற்கு ஈடாகாது.

இதில் கேவலம் என்ன என்றால், ஈர்ப்பு மையம் பாடத்துக்கு நான் ஒவ்வொரு வருஷமும் செய்து காட்டுகிற வித்தையே இதுதான். ஒரு மாணவனை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, நெற்றியில் ஒரு விரலை வைத்து, இப்போது எழுந்திரு என்பேன். எழ முடியாது. ஈர்ப்பு மையம் பாதத்துக்கு மேலே வராமல் எழ முடியாது, அதற்குத் தலை முன்னால் வர வேண்டும், விரல் அதைத் தடுக்கிறது. வகுப்பே சிரிக்கும். பத்தொன்பது வருஷம் இதைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவைச் சாயவைத்தபடியே வெளியே பிடுங்கி எடுத்திருக்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை, ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அம்மா 56 கிலோ. பாதி எடை என் கையில் என்று வை, 28 கிலோ, ஏறக்குறைய 275 நியூட்டன். என் முதுகெலும்பின் அடியிலிருந்து அது அரை மீட்டர் தள்ளி இருந்தது. அதைத் தாங்குகிற முதுகுத் தசைக்குக் கிடைக்கிற நெம்புகோல் நீளமோ 5 சென்டிமீட்டர் சொச்சம். பத்துக்கு ஒன்று. தசை 2,750 நியூட்டன் இழுத்தாக வேண்டும். குனிந்திருக்கிற என் சொந்த உடம்பின் எடையையும் சேர்த்தால் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டின்மேல் விழும் அமுக்கம் 4,000 நியூட்டனைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தொழிலாளர்களுக்கு எச்சரிக்கை எல்லையாக வைத்தது 3,400. பெட்டி தூக்குவதற்கு மிக நல்ல நிலையிலேயே 23 கிலோதான் என்கிறது அவர்களுடைய 1991 சமன்பாடு. நோயாளியைத் தூக்க அதைவிடவும் குறைவு, 35 பவுண்டு, அதாவது 16 கிலோ, என்று அங்கே வேலை பார்த்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் எழுதினார். காரணமும் நியாயமானது: பெட்டி திடீரென்று பயந்துபோய் உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது.

சரி, நீ இப்போது சிரித்துக்கொண்டிருப்பாய். நீ மெக்கானிக்கலை விட்டு அறிவியல் கல்விக்கு ஓடினபோது, தொகையீடு போட வராததால்தான் ஓடுகிறாய் என்று நம் கூட்டத்து மூன்றாமவள் வாஷரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். விசையும் இயக்கமும் மாணவருக்கு உண்மையில் புரிந்ததா என்று பார்க்க ஹெஸ்டனிஸும் கூட்டாளிகளும் 1992-இல் போட்ட, பின்னால் 30 கேள்வியான அந்தத் தாளை நீ என்னிடம் நீட்டியபோது, இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று தூக்கிப்போட்டேன். இயற்பியலாளர் ஹேக் 1998-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் கணக்கைக் கூட்டிப்பார்த்து, வெறும் விரிவுரை கேட்டவர்கள் கற்றிருக்கக்கூடியதில் கால்பங்குகூடக் கற்கவில்லை, பேசிச் செய்து பார்த்தவர்கள் கிட்டத்தட்ட பாதியைக் கற்றார்கள் என்று காட்டியதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஜூரின் மாணவி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளே, அந்த மாணவி நான்தான். எனக்குத் தேர்வும் வேலையும் பதவி உயர்வும் எல்லாம் சொல்லிக்கொடுத்தபடி நடந்தது. அம்மாவை மட்டும் வழக்கமாக நினைக்கிறபடி தூக்கினேன்.

இதில் வாஷர் எங்கே வருகிறாள் என்று கேட்பாய். படுக்கையில் கிடந்த அந்த ஆறு நாளும் ஒரு நாள்விட்டு ஒரு நாள் பேசினாள். பராமரிப்பவர்கள் பற்றிய அவளுடைய ஆய்வை நான் என்றைக்கும் மதித்துக் கேட்டதில்லை, நேரம் இல்லாதவர்களிடம் கேள்வித்தாளை நீட்டுகிற துறை என்று அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தேன். அவள் அந்தக் கேள்வித்தாளையே எனக்கு அனுப்பினாள். பராமரிப்பவரின் சுமையை அளக்கிற தாள், ஸாரிட் 1980-இல் தொடங்கியது, இப்போதைய வடிவில் 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, கூடக்கூடச் சுமை அதிகம். எனக்கு 88-க்கு 49. நான் வாங்கியதிலேயே பெருமைப்பட முடியாத மதிப்பெண் இதுதான். இவரை வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றுகிறதா என்கிற மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது. பக்கத்து அறையில் அம்மா இருமிக்கொண்டிருந்தாள். "எப்போதாவது" என்று குறித்தேன், அழித்தேன், "அடிக்கடி" என்று குறித்தேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வாஷருக்குத் தெரியும், தாள் அவளிடம்தானே இருக்கிறது.

நான் உடனே என் பாஷைக்கு ஓடிவிட்டேன். இது உலோக அயர்ச்சிதான், வோலர் ரயில் அச்சுகளை வைத்துச் செய்த சோதனைதான், ஒரு தடவை தாங்குகிற சுமையை லட்சம் தடவை ஏற்றினால் உடைகிறது, பராமரிப்பவரும் அப்படித்தான் என்றேன். எஃகுக்காவது ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை தடவை ஏற்றினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லையே இல்லை, நான் அலுமினியம் என்று வசனம் வேறு பேசினேன். வாஷர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் அலுமினியம் தூங்கி எழுந்தா தேறுமா?" என்றாள். அப்புறம் இன்னொன்று சொன்னாள். ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995-இல், மறதி நோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொண்ட 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவு சின்னக் காயம் செய்து, ஆறுகிற நாளை எண்ணியிருக்கிறார்கள். மற்ற 13 பெண்களைவிடச் சராசரியாக 9 நாள் அதிகம் ஆகியிருக்கிறது. மனிதர் தேறுவார், ஆனால் மெதுவாகத் தேறுவார். உலோகத்தில் இதற்குச் சமன்பாடு கிடையாது.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. ஷுல்ஸும் பீச்சும் 1999-இல், துணையைப் பராமரிக்கும் முதியவர்களை நான்கு வருஷம் தொடர்ந்து பார்த்ததில், பராமரித்து அதனால் நெருக்கடியையும் உணர்ந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அதே ஆய்வில், பராமரித்தும் நெருக்கடி உணராதவர்களிடம் அந்த அதிகம் தெரியவில்லை. 2013-இல் ராத்தும் மற்றவர்களும் அமெரிக்காவில் மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் பராமரிப்பவர்களை, அவர்களுக்குப் பல விதத்திலும் ஒத்த, பராமரிக்காத மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, பராமரிப்பவர்களின் இறப்பு 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. வாஷர் இதைச் சொன்னதும் எனக்கு முதல் வருஷப் பாடம் ஞாபகம் வந்தது. தகைவு (ஸ்ட்ரெஸ்) வேறு, திரிபு (ஸ்ட்ரெயின்) வேறு: முன்னது சுமை ஒரு பரப்பில் ஏற்றும் விசை, பின்னது அதனால் பொருள் உருமாறுகிற அளவு. சுமையை மட்டும் சொன்னால் போதாது, எந்தக் குறுக்குவெட்டில், எந்தப் பொருளில் என்றும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை மருத்துவத்தில் பரப்பிய ஹான்ஸ் செல்யேவே, ஸ்ட்ரெயின் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் ஒப்புக்கொண்டார். நம்மிடமிருந்து கடன் வாங்கியவர்கள் சொல்லை மாற்றி வாங்கிப்போய்விட்டார்கள். நாமும் திருப்பிக் கேட்கவே இல்லை.

இதெல்லாம் இவ்வளவு நீளமாக எதற்கு? எனக்கு நீ வேண்டும், அதற்குத்தான். மூன்று பேரும் சேர்ந்து ஒன்று செய்ய வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன், மறை கழன்றுவிட்டது என்று நினைத்தாலும் சரி.

என் துறையில் நோயாளியைத் தூக்கும் இயந்திரம் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் எத்தனை கிலோ தூக்கும் என்று எழுதுகிறோம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, தம்பி உபயம். தொட்டிலை அடியில் செருகி, நாலு கொக்கி மாட்டி, தூக்கி, நகர்த்தி, இறக்கி, கழற்ற எனக்கு 8 நிமிஷம். கையால் தூக்கினால் ஒரு நிமிஷம். கழிவறைக்குப் போகணும் என்று அம்மா சொன்னால் 8 நிமிஷம் இருக்கிறதா? அதன்மேல் இப்போது துண்டு காய்கிறது. காற்று மெத்தையும் அப்படித்தான். ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காமல் அறைகள் மாறி மாறி ஊதும், ரொம்ப சரி. ஆனால் சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று தலைப்பக்கத்தை நிமிர்த்தி, அப்படியே மறந்துபோய் விட்டுவிடுவேன். உடம்பு கீழே சரியும், தோல் துணியோடு ஒட்டி அங்கேயே நிற்கும், நடுவில் இருக்கிற சதை அறுபடுகிற மாதிரி இழுபடும். அழுத்தத்தை மட்டும் பார்த்தேனே தவிர அந்த இழுப்பை நினைக்கவில்லை. 30 டிகிரிக்கு மேல் ரொம்ப நேரம் வைக்காதே என்று வாஷர்தான் சொன்னாள். என்ன இருந்தாலும் பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதுதானே வாஷரின் வேலை!

ஆகவே எனக்கு இயந்திரம் செய்ய ஆசை இல்லை. உன் 30 கேள்வித் தாள் மாதிரி ஒன்று வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு. சூத்திரம் இல்லாமல், படம் போட்டு, இவரை எழுப்ப முதலில் எதை நகர்த்துவீர்கள் என்கிற மாதிரி. அந்தத் தாளின் உயிரே தவறான விடைகளில்தான் இருக்கிறது, அவை மாணவர் உண்மையிலேயே நம்புகிற தவறுகள் என்று நீ சொல்வாயே, அதுதான் எங்கள் இருவருக்கும் தெரியாத கலை. ஒரு முன்மொழிவு எழுதி அனுப்பியும் பார்த்தாயிற்று. மதிப்பிட்டவர்களில் ஒருவர் இதில் பொறியியல் புதுமை இல்லை என்றார், ஒருவர் இது கல்வி ஆய்வு ஆகாது என்றார், மூன்றாமவர் எத்தனை பேரிடம் சோதிப்பீர்கள் என்று மாதிரி அளவைக் கேட்டார். மூன்று பேரும் எழுதியது சரிதான், அதனால்தான் எரிச்சல் அதிகம்.

ஒரு உறுத்தல் இருக்கிறது, நீ நேராகச் சொல். அம்மாவை நான் தூக்குவதை இப்போது தூக்கும்போதே கவனிக்கிறேன், கோணம் பார்க்கிறேன், மனசுக்குள் குறித்துக்கொள்கிறேன். அவள் கை என் தோளில் இருக்கும்போது நான் ஆய்வில் இருக்கிறேன். இது தப்பா? அம்மாவிடமே கேட்டேன். "என்னை வெச்சுப் பரீட்சை நடத்தறதுன்னா நடத்து, மார்க் நான் போடுவேன்" என்றாள். அது சம்மதம் ஆகுமா என்று வாஷர் யோசிக்கிறாள். மகள் கேட்டு அம்மா சொல்வதைச் சம்மதத்தில் சேர்க்க முடியாது என்பது அவள் கட்சி.

ஞாயிறு பகல் அம்மா தூங்குகிற ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைக்கும், அப்போது கூப்பிடு. முதல் கேள்வியின் படத்தை வரைந்துவிட்டேன்: நாற்காலி, நீட்டிய கால், எதிரில் குனிந்து நிற்கும் ஒரு பெண். கீழே நான்கு விடை வேண்டும், ஒன்று சரி, மூன்று தவறு. தவறுகளில் இரண்டை நானே செய்திருக்கிறேன், எழுதிவிட்டேன். மூன்றாவதை நீ வந்து கண்டுபிடி.

உன்,
நட்டு